நலம் என்று எழுதியவர்

செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

போன் இருக்கும்போது கடிதம் எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. விடுதியில் போன் பேச வராந்தாவுக்குத்தான் வர வேண்டும். அங்கே எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் எனக்குப் பேச்சே வராது, உனக்குத் தெரியும். உன் பக்கத்திலோ அப்பா உட்கார்ந்து "என்ன சொல்றா, என்ன சொல்றா" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நீயும் கடிதமே எழுது.

நான் சௌக்கியம். அப்பாவின் மூச்சு எப்படி? ஆக்சிஜன் மெஷின் தடங்கல் இல்லாமல் ஓடுகிறதா? ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஈரத் துணிக் கூடையை நீயே தூக்காதே, முதுகு போய்விடும்.

என் வேலை நலத்துறையில் மறு ஆய்வுப் பிரிவு. உதவித்தொகை வாங்குகிற எல்லாரும் புதிதாகப் படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள் அல்லவா, அந்தப் படிவங்களுக்கு மதிப்பெண் போடுகிறோம். பெயர் இருக்கும் இடத்தில் பழுப்புத் தாள் ஒட்டிக் கொடுப்பார்கள். மாடி ஏற முடியுமா, வாளி தூக்க முடியுமா, உடுத்த யாராவது உதவுகிறார்களா என்று கேள்விகள். கடைசிப் பக்கம் காலியாக இருக்கும், 'உங்கள் நிலையை உங்கள் சொற்களில் எழுதவும்' என்று. மொத்தம் பதினைந்துக்குக் கீழே வந்தால் உதவி நின்றுவிடும். முதல் நாளே மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்: "இது பரிதாபப்படற வேலை இல்லம்மா. கூட்டல் வேலை."

அப்பாவுக்கும் படிவம் வந்திருக்கும். நீ பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்,
உன் எலி


செப்டம்பர் 14

ஆபீசர் அம்மா அவர்களுக்கு,

எலிக்கு இவ்வளவு எழுத வரும் என்று தெரிந்திருந்தால் சின்ன வயதிலிருந்தே உன்னோடு கடிதத்திலேயே சண்டை போட்டிருப்பேன். இங்கே எல்லாரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? எழுது.

நீ சொல்வதற்கு முன்பே உன் அப்பா முந்திக்கொண்டார். நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் தானே நிரப்பி, தானே ஒட்டி, தபால்காரரிடம் கொடுத்தும் விட்டார். "ஏம்பா, நான் வர்ற வரைக்கும் பொறுக்கக் கூடாதா?" என்றேன். "சிமெண்ட் ஆலையில முப்பது வருஷம் லோடு சீட்டு எழுதினவன் நான். எனக்கு எழுதத் தெரியாதா?" என்று முறைத்தார். அதைச் சொல்லி முடிக்க மூன்று முறை மூச்சு வாங்கினார்.

எதிர்வீட்டுத் தையலம்மாவும் அனுப்பிவிட்டாள். விரல் மடங்காத கையால் எப்படி எழுதினாளோ. "பேனா பிடிச்ச வலிக்கே தனி உதவித்தொகை குடுக்கணும்டி" என்கிறாள். அவள் தையல் மெஷின் மேல் இப்போது துணிகளை அடுக்கி வைத்திருக்கிறாள்.

தேர்தல் வருகிறது. 'மைக்' மறுபடியும் கிளம்பிவிட்டான். ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தானே, அவன்தான். இப்போது புதுக் கட்சியில் பெரிய ஆள். அப்பா கதவைத் திறக்கவே இல்லை. "எனக்கு உதவி குடுத்த கட்சிக்குத்தான் என் ஓட்டு. செத்தாலும் மாத்த மாட்டேன்." நாற்பது வருடமாக ஒரே பாட்டு.

அன்புடன்,
அக்கா


அக்டோபர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு நாள் காய்ச்சல், இப்போது பரவாயில்லை. அங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

எழுத ஒன்றும் இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது படிவம். விதிப் புத்தகத்தில் ஒரு பிரிவு இருக்கிறது: விண்ணப்பதாரரே தம் சொற்களில் தாம் நலமாக இருப்பதாக எழுதியிருந்தால், முன்பக்கத்துப் பதில்களைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. பூஜ்யம் போட்டுவிடலாம். யாராவது அப்படி எழுதுவார்களா என்று முதல் வாரம் நாங்கள் சிரித்தோம். எழுதுகிறார்கள், அக்கா. முதியவர்கள். ஆலைகளில் வேலை செய்தவர்கள். அவர்களுக்குக் காலிப் பக்கத்தைப் பார்த்தால் கடிதம் எழுதத்தான் தெரியும். கடிதம் என்றால் முதல் வரி எல்லாருக்கும் ஒன்றுதானே.

அப்பா கடைசிப் பக்கத்தில் என்ன எழுதினார் என்று கேட்டுச் சொல்கிறாயா? வேண்டாம், கேட்காதே. அனுப்பியதை என்ன செய்ய முடியும்.

போன மாதம் எனக்கு இரண்டு மேசை தள்ளி இருந்த பெண்ணை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை.

இப்படிக்கு,
எலி


அக்டோபர் 19

எலிக்கு,

காய்ச்சல் நின்றதா? கஷாயம் கிடைக்காவிட்டால் வெந்நீராவது குடி.

கடிதம் வந்துவிட்டது. அப்பாவுக்கு உதவி நிறுத்தம். மதிப்பெண் பூஜ்யம். ஒன்றோ பன்னிரண்டோ இல்லை, பூஜ்யம். படித்துக் காட்டினேன். "யாரோ மாத்திப் போட்டுட்டாங்க. நீ நல்லாப் பாரு" என்றார். மூன்று முறை பார்த்தேன்.

பிறகு கேட்டேன், கடைசிப் பக்கத்தில் என்ன எழுதினீர்கள் என்று. பெருமையாகச் சொன்னார். "மதிப்பிற்குரிய ஐயா, நான் நலமாக இருக்கிறேன். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமுடன் இருக்க விரும்புகிறேன். இது ஆரம்பம். அப்புறம்தான் மூச்சு வாங்கறதைப் பத்தி எழுதினேன்."

"அரசாங்கத்துக்கு யாராவது நலம்னு எழுதுவாங்களாப்பா?"

"எடுத்ததும் நோவைச் சொல்லி அழறதுக்கு நான் என்ன பிச்சைக்காரனா? படிக்கிறவன் முழுசாப் படிப்பான்ல?"

நான் சிரித்தேன். பிறகு பின்கட்டுக்குப் போய் அழுதேன்.

தையலம்மாவுக்கும் நின்றுவிட்டது. நம் தெருவில் மட்டும் ஒன்பது வீடு.

முறையீட்டு ஜன்னலில் நாள் முழுக்க நின்றேன். "மதிப்பெண் போட்ட விதத்தில் தவறு இருந்தால்தான் மறுபடி பார்ப்போம்" என்கிறார்கள். யார் போட்டது, எப்படிப் போட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்? நீ அங்கேதானே இருக்கிறாய். யாரையாவது கேள். யாரென்று தெரிந்தால் போதும். மெஷின் வாடகைக்காரர் மாத முடிவு வரைதான் பொறுப்பாராம்.

உடனே எழுது.
அக்கா


டிசம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துவிடு. வேலை அதிகம். நான் நலம். அப்பா தலையணையை உயர்த்தி வைத்துப் படுக்கிறாரா?

கேட்டுப் பார்த்தேன். இங்கே யாருடைய படிவம் யாரிடம் போகும் என்று யாருக்கும் தெரியாது. பழுப்புத் தாள் ஒட்டிவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தேனே. மருத்துவர் சான்று ஒன்று வாங்கி மறுபடியும் முறையீடு போட்டுப் பார்.

மேற்பார்வையாளரும் இன்னொருவரும் தேநீர் குடித்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். "இவ்வளவு பேருக்கு நிறுத்தினா தேர்தல்ல அடி விழாதா சார்?" என்று மற்றவர் கேட்டார். "இவங்க எங்க போவாங்க? பழக்கத்துல குத்திட்டுப் போவாங்க" என்று மேற்பார்வையாளர் சிரித்தார். எனக்கு அப்பாவின் நாற்பது வருடம் ஞாபகம் வந்தது.

சில நாட்களாக எல்லாப் படிவமும் எனக்கு ஒரே கையெழுத்தாகத் தெரிகிறது. வலப்பக்கம் சாய்ந்து, வரியின் முடிவில் இடம் போதாமல் கீழே இறங்கும் கையெழுத்து. கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தால் வேறாக இருக்கிறது. கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது.

எலி


டிசம்பர் 11

எலிக்கு,

கண்ணைக் காட்டு முதலில். படித்தவளுக்குக் கண்தான் சொத்து.

மெஷினை எடுத்துப் போய்விட்டார்கள். அது நின்ற இடத்தில் தரை மட்டும் சதுரமாக வெளுத்துக் கிடக்கிறது. அப்பா அதை மிதிக்காமல் சுற்றிப் போகிறார். மெஷின் சத்தம் இல்லாமல் வீடு என்னவோ போலிருக்கிறது. அவருடைய மூச்சு மட்டும் எல்லா அறையிலும் கேட்கிறது.

தையலம்மா போய்விட்டாள். மாத்திரைகளை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆக்கியிருக்கிறாள், பிறகு வாரத்துக்கு ஒன்று. யாரிடமும் சொல்லவில்லை. போன செவ்வாய்க்கிழமை மதியம் கதவு திறக்கவில்லை. இதில் கூத்து என்னவென்றால், அவளுக்கு உன் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துகொண்டே இருக்கிறது, முறையீட்டு நேர்காணலுக்கு வரவில்லை, விளக்கம் தருக என்று. தபால்காரர் நான்கு நாள் கையில் வைத்துக்கொண்டு அலைந்தார். "யார்கிட்ட குடுக்கறதும்மா?" பிறகு கதவிடுக்கில் தள்ளிவிட்டார். ஜன்னல் வழியே பார்த்தால் தரையில் கிடப்பது தெரிகிறது. நான் இப்போது அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

மைக் வந்தான். இந்த முறை அப்பா கதவைத் திறந்தார். அவன் ஒன்றுமே கேட்கவில்லை, ஓட்டுகூட. பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா ஒரு வாக்கியத்தை முடிக்கிற வரை பொறுமையாகக் காத்திருந்தான். அவ்வளவு பொறுமை எனக்கே இல்லையடி. போகும்போது மட்டும், "உங்க மெஷின் எங்க போச்சுன்னு நினைக்கிறீங்க? வெளியூர்லேருந்து கால்வாய்க்கரை அடுக்குமாடியில வந்து குடியேறினாங்களே, அவங்க வீட்டுல ஓடுது" என்றான்.

நீ சாப்பிடு. எழுது.
அக்கா


ஜனவரி 20

எலிக்கு,

நீ பதில் எழுதவில்லை. போனையும் எடுக்கவில்லை. விடுதி அம்மாவிடம் கேட்டேன், "நல்லாத்தான் இருக்கா, வேலைக்குப் போறா" என்றாள். சரி.

நேற்று மைதானத்தில் கூட்டம். அப்பாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிப் போய் மேடையில் வைத்தார்கள். நான் வேண்டாம் என்றேன். "நீ சும்மா இரு" என்று சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னார். பேசுவார் என்று நினைத்தேன். ஆனால் மைக் ஒலிவாங்கியை அப்பாவின் வாயருகே வைக்கவில்லை, நெஞ்சில் வைத்தான். வைத்துவிட்டுச் சும்மா நின்றான்.

எத்தனை ஒலிபெருக்கியடி அந்த மைதானத்தில். எல்லாவற்றிலும் அப்பாவின் மூச்சு. அந்த விசில், அந்தக் கரகரப்பு, நடுவில் நின்றுபோவது போல ஒரு இடைவெளி. ஆயிரம் பேர் வாய் திறக்கவில்லை. குழந்தைகள்கூட. பிறகு மைக் ஒரே வரி சொன்னான். "இவருக்கு அரசாங்கம் குடுத்த மார்க், பூஜ்யம்."

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் முகம் பளபளவென்று இருந்தது. "இத்தனை நாள்ல முதல் தடவையா நான் சொன்னதை முழுசாக் கேட்டாங்க" என்றார். அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே என்று நான் சொல்லவில்லை.

கூட்டம் கலைந்து போனவர்கள் கால்வாய்க்கரை ஜன்னல்கள் மேல் கல் எறிந்திருக்கிறார்கள். சலவைக்கூடத்தில் என்னோடு படுக்கை விரிப்பின் மறு முனையைப் பிடித்து மடிப்பவள் அங்கேதான் இருக்கிறாள். இன்று கையில் கட்டோடு வந்தாள். அவள் மாமியாருக்கும் அக்டோபரிலேயே நிறுத்திவிட்டார்களாம். "மெஷினா? எங்க வீட்டுல ஃபேனே ஓடலை" என்றாள். கட்டுப் போட்ட கையாலேயே விரிப்பின் மறு முனையைப் பிடித்தாள்.

உனக்கு ஒன்றும் இல்லையே?
அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு ஒன்றும் இல்லை. அப்பாவை இனி அவனோடு அனுப்பாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தக் கூட்டத்தை விடுதித் தொலைக்காட்சியில் காட்டினார்கள். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மூச்சுச் சத்தம் வந்ததும் நான் அப்பாவைப் பார்ப்பதற்கு முன்பே எழுந்து நின்றுவிட்டேன். "தெரிஞ்சவரா?" என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்.

இல்லை என்று சொன்னேன்.

எலி


பிப்ரவரி 24

எலிக்கு,

இங்கே இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

வாக்களித்துவிட்டு வந்தோம். பள்ளிக்கூடத்தில் நம் தெருவே வரிசையில் நின்றது. எப்போதும் அங்கே அரட்டையும் கேலியுமாக இருக்கும். இந்த முறை பிணம் எடுக்கிற வீட்டு வாசல் போல இருந்தது. பெயர்ப் பட்டியலில் தையலம்மா இன்னும் இருக்கிறாள். அலுவலர் அவள் எண்ணை இரண்டு முறை கூப்பிட்டார். யாரோ பின்னால் இருந்து, "வருவா, வருவா, கூப்பிடுங்க" என்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். நான் மட்டுமில்லை, எல்லாருமே பார்த்தோம்.

அப்பா முதல் ஆளாகப் போய் மாற்றிப் போட்டார். வெளியே வந்து, "நாப்பது வருஷம்" என்றார். அவ்வளவுதான்.

நானும் மைக்கின் கட்சிக்குத்தான் போட்டேன். என்னைத் திட்டாதே. அவன் ஒன்றையும் திருப்பித் தரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் நேரடியாகவே கேட்டேன், "ஜெயிச்சா மெஷினைத் திருப்பிக் குடுப்பீங்களா?" என்று. "முதல்ல ஜெயிக்கணும்க்கா" என்றான். கையில் கட்டோடு வந்தவளின் முகமும் கண் முன்னால் நின்றது. இருந்தும் போட்டேன். அந்தப் பூஜ்யம் போட்டவர்களின் முகம் ஒரு நாளாவது கோணுவதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. நல்லது நடக்கும் என்று நினைத்து யாரும் அங்கே போகவில்லையடி.

அக்கா


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

முடிவு தெரிந்த அன்று அலுவலகத்தில் யாருடைய முகமும் கோணவில்லை. மேற்பார்வையாளர் சுவரில் இருந்த படத்தைக் கழற்றி, ஆணி பலமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புதுப் படத்தை மாட்டினார். "ஆளு மாறினாங்க. நம்ம விதிப் புத்தகம் அதேதான்" என்றார். புதுச் சுற்றறிக்கையும் வந்துவிட்டது. போலியாக உதவி வாங்குகிறவர்களைக் கண்டுபிடிக்க இன்னும் இருபது மேசை போடுகிறார்கள்.

அப்பா எப்படி இருக்கிறார்? உண்மையாக எழுது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தில் முடியவில்லை.

எலி


மார்ச் 22

எலிக்கு,

உண்மையைத்தானே கேட்டாய். அப்பா ஆஸ்பத்திரியில், ஜன்னலோரக் கட்டிலில். நான் கீழே சலவைக்கூடத்தில் இருக்கிறேன், இடைவேளையில் மேலே ஓடிப் பார்க்கிறேன். பேசுகிறார், சாப்பிடுகிறார், மெலிந்துவிட்டார். இங்கேயே வைத்திருக்க மாட்டார்களாம். வீட்டில் மெஷின் இருந்தால்தான் அனுப்ப முடியும் என்று மருத்துவர் சொல்கிறார். மைக்குக்கு நான்கு முறை போன் போட்டேன். ஐந்தாவது முறை வேறு யாரோ எடுத்து, "அண்ணன் மீட்டிங்ல இருக்காரு" என்றார்கள்.

நீ சொன்னபடி மருத்துவர் சான்றோடு மறுபடி போட்ட முறையீட்டுக்குப் பதில் வந்தது. தள்ளுபடி. ஆனால் மதிப்பெண் தாளின் நகலை இணைத்திருந்தார்கள். கீழே கையெழுத்து இல்லை, மேசை எண் மட்டும். பூஜ்யத்தைப் பார்த்தேன். அதன் தலையில் சின்னதாக ஒரு வால் இருந்தது. உன் கணக்கு நோட்டில் எத்தனை வருடம் அந்த வாலைப் பார்த்து, பூஜ்யத்துக்கு ஏண்டி வால் முளைக்கிறது, எலி என்பதாலா என்று கேலி செய்திருக்கிறேன்.

அப்பாவிடம் காட்டவில்லை. துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எழுத முடிந்தபோது எழுது.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

அது என் மேசை.

செப்டம்பர் கடைசியில், மதியம், அன்றைய இருபத்தெட்டாவது படிவம். பெயர் தெரியவில்லை. ஆனால் முதல் பக்கத்திலேயே கையெழுத்தைக் கண்டுகொண்டேன். தெரிந்தவரின் படிவம் வந்தால் மதிப்பெண் போடக் கூடாது, எழுந்து போய் மேற்பார்வையாளரிடம் கொடுக்க வேண்டும். அதுதான் விதி. அவர் மேசைக்குப் பதினோரு அடி. முப்பது பேர் பார்க்க நடந்து போய், இது என் அப்பா என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். முந்தின வாரம் அப்படி எழுந்து போன பெண்ணைத்தான் நிறுத்தினார்கள். நான் எழுந்திருக்கவில்லை. கடைசிப் பக்கம் முழுவதையும் படித்தேன், அக்கா. 'படிக்கிறவன் முழுசாப் படிப்பான்' என்றாரே, படித்தேன். ஒரு மகள் அரசு வேலையில் இருக்கிறாள் என்றும் எழுதியிருந்தார். படித்துவிட்டு விதிப்படி போட்டேன்.

யார் போட்டது என்று தெரிந்தால் போதும் என்று நீ அக்டோபரில் எழுதினாய். உறவினர் போட்ட மதிப்பெண் செல்லாது என்று எனக்கு அப்போதே தெரியும். ஒரு வரி எழுதியிருந்தால் மெஷின் போயிருக்காது. என்னை எல்லாரும் ஆபீசர் என்று கூப்பிடுவது நின்றுவிடுமே என்று பயந்தேன்.

இன்று காலை அந்தப் பதினோரு அடி நடந்தேன். எழுதிக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் இரண்டு முறை படித்தார். "ஏம்மா, இதை அன்னிக்கே குடுத்திருந்தா வேற மேசைக்கு மாத்திட்டுப் போயிருப்பேனே" என்றார். அந்தப் பெண்ணை யாரும் நிறுத்தவே இல்லையாம். அவள் கல்யாணமாகிப் போயிருக்கிறாள்.

அப்பாவின் மதிப்பெண்ணை ரத்து செய்துவிட்டார்கள். உத்தரவின் நகல் இதோடு இருக்கிறது. புது முடிவு வரும் வரை பழைய உதவி தொடர வேண்டும் என்று அதில் இருக்கிறது. மெஷின் வாடகைக்காரரிடம் இன்றே காட்டு. புதிதாக மதிப்பெண் போட இருபதாம் தேதி ஆஸ்பத்திரிக்கே ஆள் வந்து பார்ப்பார்கள். அதற்குள் அப்பாவிடம் எதையும் நீ சொல்லாதே, நான் சொல்கிறேன்.

தையலம்மாவின் படிவம் என்னிடம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. அவள் கையெழுத்தை நான் பார்த்ததே இல்லை. ஏழு மாதத்தில் எத்தனையோ பூஜ்யம் போட்டிருக்கிறேன். அவற்றில் ஒன்று அவளாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நான் எங்கே உட்கார்ந்தாலும் இந்தக் கேள்வியும் வந்து பக்கத்தில் உட்காருகிறது.

வேலை போய்விட்டது. வெள்ளிக்கிழமைக்குள் விடுதியைக் காலி செய்ய வேண்டும். அன்றே நான்கரை மணிக்கு அங்கே வந்து சேரும் பஸ்ஸில் வருகிறேன். நம் தெருவில் உதவி நின்றுபோன மற்ற வீடுகளையெல்லாம் தாண்டித்தான் நம் வீட்டுக்கு வர வேண்டும். எல்லாரும் வாசலில் இருக்கிற நேரம் அது. இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும், அதனால்தான் கடைசியில் எழுதுகிறேன். என்னோடு பேச வேண்டாம், என் பையைக்கூட வாங்க வேண்டாம். பஸ் நிலையத்துக்கு வந்து, வீடு வரைக்கும் என் பக்கத்தில் நடந்து வருகிறாயா?